சமையலறையில் மக்கல் வாடையா? மூலம் எங்கே என்று தேடுங்கள்!

காலையில் எழுந்து சமையலறைக் கதவைத் திறக்கிறீர்கள். டிகாக்‌ஷன் வாசனை வருவதற்கு முன்னால் வேறொரு வாடை 'குப்'பென்று மூக்கில் அறைகிறது. ஈரத்துணியைச் சுருட்டி ஒரு வாரம் மூலையில் போட்டு வைத்தால் வருமே, அந்த மாதிரி. ஃபினாயில் போட்டுத் துடைக்கிறீர்கள். ஊதுவத்தி ஏற்றி வைக்கிறீர்கள். எலுமிச்சம்பழத் தோலை எடுத்து சிங்க்கில் தேய்க்கிறீர்கள். மத்தியானம் வரைக்கும் அடங்கிக் கிடக்கிறது. மறுநாள் காலையில் மறுபடி அதே வாடை!

"பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்" என்று பல வீடுகளில் இதைச் சகித்துக்கொண்டே வருஷக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். நம் மூக்குக்கும் ஒரு குணம் உண்டு. ஒரே வாடைக்கு நடுவில் பத்து நிமிஷம் இருந்தால் போதும், அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால்தான் ஊரிலிருந்து வரும் நாத்தனாருக்கு முதல் அடியிலேயே தெரிவது, நாள் முழுக்க அடுப்படியில் நிற்கும் உங்களுக்குத் தெரிவதில்லை. அரை மணி நேரம் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து மோந்து பாருங்கள். அப்போது வருவதுதான் உங்கள் வீட்டு நிஜமான வாடை.

வாடைதானே, ஆளையா கொல்லப் போகிறது என்று நினைக்க வேண்டாம். மக்கல் வாடை என்றால் எங்கேயோ ஈரம் தேங்கி, அதில் பூஞ்சை வளர்கிறது என்று அர்த்தம். பூஞ்சை காற்றில் தூவுகிற விதைத்துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியானவை. ஆஸ்துமா உள்ளவர்கள், அலர்ஜி உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள் இவர்களுக்கு அடுக்குத் தும்மல், இரவு இருமல், இழுப்பு என்று தொந்தரவு கொடுக்கும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் கூடுதலாக இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2009ல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டுச் சொன்னது. எல்லோருக்கும் வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் மருந்து சாப்பிட்டும் அடங்காத இருமல் வீட்டில் யாருக்காவது இருந்தால், டாக்டரிடம் வீட்டுச் சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், சாப்பாடு. ஈர அலமாரியில் வைத்த வேர்க்கடலை, மிளகாய் வற்றல், மக்காச்சோளம் இவற்றில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை 'அஃப்ளடாக்சின்' என்ற விஷத்தைச் சுரக்கும். 1974ல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த விஷம் முழுசாகப் போகாது. பூசணம் பூத்த கடலையை "வெயில்ல காய வெச்சா சரியாப் போயிடும்" என்று திரும்ப டப்பாவில் போடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். கசக்கிற கடலையையும் துப்பிவிடுங்கள்.

எந்த மாதிரி வாடை?

தேடுவதற்கு முன்னால் வாடையைத் தரம் பிரிக்க வேண்டும். மண் வாசனையும் பழைய புஸ்தக வாசனையும் கலந்த மாதிரி இருந்தால் அது சுவர் ஓதம் அல்லது மரத்தில் பிடித்த பூஞ்சை. அழுகின முட்டை மாதிரி வந்தால் சாக்கடைக் காற்று. புளித்த வாடை என்றால் மாவு, பால், சோறு எங்கேயோ சிந்திக் கிடக்கிறது. நாளுக்கு நாள் தாங்க முடியாமல் போய் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கினால் அது லாஃப்ட்டில் செத்த எலி. அதற்குப் பிளம்பரைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை!

இரண்டு வாடைகளுக்கு மட்டும் தேடுதல் வேட்டையெல்லாம் கிடையாது, உடனே காரியத்தில் இறங்க வேண்டும். ஒன்று, கேஸ். சிலிண்டர் கேஸுக்கு இயற்கையில் வாசனை இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எதில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அழுகல் வாடை போலவே இருப்பதால் சாக்கடை என்று ஏமாந்துபோக இடமுண்டு. கேஸ் காற்றை விட கனமானது. மேடைக்கு அடியில், அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். குனிந்தால் வாடை அதிகமாகிறதா? எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று, மீன் வாங்காத வீட்டில் மீன் வாடை! வேடிக்கை இல்லை. ப்ளக் பாயின்டோ ஸ்விட்ச் போர்டோ உள்ளே சூடாகி, பிளாஸ்டிக் உருகினால் அப்படி ஒரு வாடை வரும். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

காசு செலவில்லாத இடங்கள்

சுவரை இடிக்கக் கிளம்புவதற்கு முன் வெங்காயக் கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் அழுகின ஒரே ஒரு உருளைக்கிழங்கு போதும், வீடே மணக்க! அடுத்தது கைப்பிடித் துணியும் மேடை துடைக்கிற துணியும். ராத்திரி பிழிந்து சிங்க் ஓரத்தில் மடித்துப் போட்டால் காலைக்குள் நாறும். விரித்துக் காயப் போட வேண்டும். ஸ்பாஞ்சும் அப்படித்தான். கிரைண்டரை நகர்த்திப் பாருங்கள், மாவு தள்ளும்போதும் கழுவும்போதும் ஒழுகின தண்ணீர் கல்லுக்கு அடியில், ரப்பர் மேட்டுக்கு அடியில் வாரக்கணக்கில் நிற்கும்.

ஃப்ரிட்ஜை மறந்துவிடாதீர்கள். பின்பக்கம் கம்ப்ரஸருக்கு மேலே ஒரு சின்னத் தட்டு இருக்கும். உள்ளே உருகுகிற தண்ணீர் அதில்தான் வந்து விழுந்து, கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகும். வாங்கின நாளிலிருந்து அதைப் பார்க்காதவர்கள்தான் நம்மில் அதிகம். காய்கறி டிரேவுக்கு அடியில் தண்ணீர் நின்றால், உள்ளே பின்சுவரில் இருக்கும் சின்ன வடிகால் துவாரம் அடைத்திருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, மெல்லிய குச்சியால் நோகாமல் குத்தினால் திறந்துகொள்ளும்.

இதெல்லாம் சுத்தமாக இருந்தும் வாடை போகவில்லையா? அப்போது சிங்க்குக்கு அடியில் உட்கார வேண்டியதுதான்.

சிங்க்குக்கு அடியில்...

என்னைக் கேட்டால் பத்து வீட்டில் ஆறேழு வீட்டுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அழகுக்காகக் கதவு போட்டு மூடிவிடுகிறோம். உள்ளே குப்பைக்கூடை, பினாயில் பாட்டில், பழைய பிளாஸ்டிக் கவர்கள். காற்றும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. பூஞ்சைக்கு இதைவிட வசதியான வீடு எங்கே கிடைக்கும்?

எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். உலர்ந்த துணியால் குழாய், சுவர், தரை எல்லாவற்றையும் துடையுங்கள். அடியில் பழைய நியூஸ் பேப்பரை விரித்துவிட்டு, கையில் டார்ச்சுடன் சோதனையை ஆரம்பிக்கலாம். முதலில் ஒன்றும் செய்யாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். அதற்குள்ளேயே பேப்பர் நனைந்தால் குற்றவாளி வேஸ்ட் பைப் இல்லை. எப்போதும் அழுத்தத்துடன் தண்ணீர் நிற்கிற பக்கம், அதாவது ஆங்கிள் வால்வு, குழாய்க்குப் போகிற ஹோஸ், இல்லையென்றால் வாட்டர் ஃபில்டருக்குத் தட்டிக் கொடுத்திருக்கும் இணைப்பு. பேப்பர் காய்ந்தே இருந்தால் சிங்க் வாயை அடைத்து முக்கால்வாசி தண்ணீர் நிரப்புங்கள். நிரம்பி நிற்கும்போதே சொட்டினால் சல்லடைக்கு அடியில் இருக்கும் வாஷர் போய்விட்டது. சொட்டவில்லையா? அடைப்பை எடுத்துத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். ஓடும்போது மட்டும் கசிந்தால் பைப் இணைப்பில் கோளாறு. இதிலும் தப்பித்தால், பாத்திரம் கழுவுகிற மாதிரி மேடையிலும் குழாயைச் சுற்றிலும் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சிங்க் விளிம்பும் கிரானைட்டும் சேரும் கோட்டிலோ, மேடையும் டைல்ஸும் சேரும் மூலையிலோ விரிசல் இருந்தால் அங்கே இறங்கும்.

இந்த வரிசையில் செய்தால் பிளம்பர் வரும்போது "எங்கேயோ லீக்காகுதுப்பா" என்று சொல்ல வேண்டியதில்லை. "வாஷர் மாத்தணும் தம்பி" என்று சொல்லலாம். கூலியும் குறையும், நம்மைப் பார்க்கிற பார்வையும் மாறும்!

கசிவே இல்லாமல் அழுகின முட்டை வாடை வந்தால் அது வேறு கதை. சிங்க்கிலிருந்து வரும் வளைவுப் பைப் நேராகத் தரையில் ஒரு ஓட்டைக்குள் செருகியிருக்கும். பைப்புக்கும் ஓட்டைக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளி. சாக்கடைக் காற்று, கரப்பான் இரண்டுக்கும் அதுதான் வாசல். இடைவெளிக்கு அளவான ரப்பர் வளையம் போடச் சொல்லுங்கள். சிங்க்குக்கு அடியில் 'பாட்டில் ட்ராப்' இல்லையென்றால் ஒன்று போட்டுவிடுங்கள். அதனுள்ளே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் தாழ்ப்பாள், கழிவு கீழே போகும், காற்று மேலே வராது. 1775ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் கக்கூஸ் குழாயை வளைத்துத் தண்ணீரை நிறுத்துகிற உபாயத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றுவரை உலகம் பூராவும் அதே சூட்சுமம்தான்.

அந்தத் தண்ணீர் வற்றிப் போனால் என்ன ஆகும்? 2003ல் ஹாங்காங்கில் சார்ஸ் காய்ச்சல் பரவியபோது, 'அமாய் கார்டன்ஸ்' என்ற ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் நோய் வந்தது. குளியலறைத் தரையின் ட்ராப்களில் தண்ணீர் வற்றிப் போனதால், அதன் வழியாகக் கழிவுக் குழாயின் கிருமிகள் வீட்டுக்கு வீடு ஏறியிருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். லீவுக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் பூட்டிப் போட்ட வீட்டைத் திறந்ததும் நாறுவதும் இதனால்தான். கிளம்பும்போது சிங்க்கிலும் தரைச் சல்லடையிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுவிட்டுப் போனால் சீக்கிரம் வற்றாது.

மாடி வீட்டுக்காரர் மேல் பழி போடும் முன்...

சென்னையில் இரண்டாவது மாடி ஃப்ளாட் ஒன்று. சமையலறைச் சுவரில் ஓதம், வீடெல்லாம் வாடை. மாமியாருக்கு ராத்திரியில் இழுப்பு. சுவருக்கு நேர் மேலே மூன்றாவது மாடிக்காரர்களின் பாத்ரூம். கேட்கணுமா? "அவங்க பாத்ரூம் ஒழுகுது" என்று ஒரே பேச்சு. மேலேயிருந்த அம்மாளோ, "எங்க பாத்ரூம் போன வருஷம்தான் புதுசா பண்ணினோம். எங்களுக்கு ஏன் இந்தப் பொல்லாப்பு?" என்றார். தீபாவளிப் பட்சணப் பரிமாற்றம்கூட நின்று போனது.

கடைசியில் அசோசியேஷன்காரர்கள் ஒரு வயசான கொத்தனாரைக் கூட்டி வந்தார்கள். அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். நாணயத்தால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினார். பிறகு கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்மா, தண்ணி மேலேருந்து வந்தா சீலிங்கு காஞ்சிருக்குமா?"

உண்மைதான்! சீலிங்கிலோ, மேடைக்கு மேலிருந்த சுவரிலோ ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஓதமெல்லாம் மேடை மட்டத்திலிருந்து கீழேதான். சந்தேகம் தீர, மேல் பாத்ரூம் சல்லடையை அடைத்து, கலர்ப்பொடி கரைத்த தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிறுத்தினார்கள். கீழே ஒரு சொட்டு கலர் இறங்கவில்லை. குழாய்க்குப் பின்னால், கிரானைட்டும் டைல்ஸும் சேரும் மூலையில் வைத்திருந்த வெள்ளை சிமென்ட் ஒரு நூல் அளவு விட்டிருந்தது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் தெறிக்கிற தண்ணீர் அந்த வழியாக இறங்கி, அலமாரியின் முதுகுப் பலகையை ஊறவைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பலகையைக் கழற்றியதும் பின்னால் கறுப்பாக, உள்ளங்கை கனத்துக்குப் பூஞ்சை. அதற்கு நேரெதிரே மாமியார் படுக்கிற அறையின் கதவு.

அந்த மூலைக்கு வெள்ளை சிமென்ட் சரிப்படாது. கிரானைட்டும் சுவரும் சூட்டிலும் குளிரிலும் லேசாக அசையும், சிமென்ட் அசையாது, விரிசல் விடும். ஈறு மாதிரி வளைந்துகொடுக்கிற சிலிகான் சீலன்ட்தான் போட வேண்டும். பழைய சிமென்ட்டைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, ஒரு நாள் தண்ணீர் படாமல் விட வேண்டும். அந்த வீட்டில் ஒரே ஒரு டியூப்தான் செலவானது. உளுத்த அலமாரிக்கு ஆன செலவு தனி. புதிதாகச் செய்கிறவர்கள் சிங்க்குக்கு அடியில் பார்ட்டிகிள் போர்டு பக்கமே போகாதீர்கள், ஒரு தடவை நனைந்தால் அப்பளம் மாதிரி உப்பிவிடும். ப்ளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் ப்ளைதான் அந்த இடத்துக்கு. அறுத்த ஓரங்களைத் திறந்தபடி விடாமல் மூடச் சொல்லுங்கள். மாமியாருக்கு இழுப்பு குறைந்தது, டாக்டர் கொடுத்த இன்ஹேலரை மட்டும் நிறுத்தவில்லை. அதுவும் சரிதான்.

சுவரா, நீராவியா?

சுவர் ஈரமாக இருக்கிறது, ஆனால் உள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று தெரியவில்லையா? ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்தால் அது அறையின் நீராவி.

நீராவி என்றதும் குக்கரும் இட்லிப் பானையும்தான் ஞாபகம் வரும். அடுப்பே தண்ணீர் உண்டாக்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. கேஸ் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. கணக்குப் போட்டால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சமையலறைக் காற்றில் கலந்திருக்கும்! ஒன்றரைக் குடம்! ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்தால் அவ்வளவும் குளிர்ந்த சுவரில்தான் படியும். எக்ஸாஸ்ட் ஃபேனைத் தாளிக்கும்போது மட்டும் போடாமல், அடுப்பு பற்ற வைக்கும்போதே போட்டு, அணைத்த பிறகும் 15 நிமிஷம் ஓடவிடுங்கள். ஃபேனுக்கு எதிர்ப்பக்கம் கதவோ ஜன்னலோ கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், உள்ளே காற்று வந்தால்தானே அது வெளியே தள்ளும்? மழைக்காலத்தில் துவைத்த துணியைச் சமையலறைக் கொடியில் போடுவதையும் விட்டுவிடுங்கள்.

தனி வீடுகளில், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரைக்கும் மட்டும் சுவர் பொரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் நிலத்து ஈரம் ஏறுகிறது. இதற்கு உள்பக்கம் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது வெறும் வேஷம். ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. வெளிப்பக்கம் சுவரை ஒட்டி மண் மேடு தட்டியிருக்கிறதா, மழைநீர் அங்கே தேங்குகிறதா, துளசி மாடத்துத் தண்ணீரோ வாஷிங் மெஷின் தண்ணீரோ சுவரடியில் விழுகிறதா என்று முதலில் பார்த்து, அதைத் திருப்பிவிட வேண்டும். அதுவும் போதவில்லையென்றால்தான் இன்ஜினீயர்.

பூஞ்சையைத் துடைப்பது எப்படி?

மூலத்தை அடைத்த பிறகுதான் இந்த வேலை. காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், விதைத்துகளெல்லாம் வீடு பூராவும் பறக்கும். முதலில் ஈரத்துணியால் நனைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரும் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவி, ஃபேன் போட்டுக் காயவிடுங்கள். முகத்தில் மாஸ்க், கையில் கிளவுஸ் இருக்கட்டும். ஆஸ்துமாக்காரர்கள் அன்றைக்குப் பக்கத்தில் வரவே வேண்டாம். ஸ்விட்ச் போர்டு பக்கத்துச் சுவர் என்றால் மெயினை அணைத்துவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும். டைல்ஸ் இடுக்குக் கறைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் போடலாம். ஆனால் அதோடு ஆசிட்டையோ கக்கூஸ் கழுவுகிற திரவத்தையோ கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஊறி உளுத்த பலகையைக் கழுவிப் பிரயோசனமில்லை, தூக்கிப் போடுங்கள்.

பெயின்ட் விஷயத்தில் அவசரம் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நன்றாக ஊறிவிட்டால் முழுசாகக் காய மாதக்கணக்கில் ஆகும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். அன்றைக்கு அடித்தது சுண்ணாம்பு. சுவரின் ஈரம் அதன் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும், காரத்தன்மையால் பூஞ்சையும் சுலபத்தில் பிடிக்காது. இன்றைக்கு அடிப்பதோ பிளாஸ்டிக் எமல்ஷன். மார்கழியில் காயாத சுவரில் அதை அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, சித்திரைக்குள் கொப்புளம் கொப்புளமாக உரியும். பாலிதீன் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்து, உள்பக்கம் வேர்க்காமல் இருந்தால் பெயின்டரைக் கூப்பிடுங்கள். மாசி, பங்குனியானாலும் பரவாயில்லை.